ஒன்பது பவுண்டு மிச்சம்

அந்தக் காரில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கவேண்டும் என்பதில் நான் முதலிலிருந்தே பிடிவாதமாக இருந்தேன். மற்ற எதிலும் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் சாஃப்ட்வேர்க்காரர். எஞ்சின் எங்கே இருந்தால் என்ன, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவேண்டும் என்று நினைக்கிறவர். "உனக்கு எங்க வேணுமோ அங்க வச்சுக்க" என்றார், ஃபிரிட்ஜை எங்கே வைப்பது என்று கேட்டதுபோல.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில் சான் ரமோனில் இருந்தோம். அவருக்கு அங்கேயே பிசினஸ் பார்க்கில் வேலை. நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்து, ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இரண்டரை வருஷம் இருந்தவள். பம்பின் வார்ப்பில் எந்த இடத்தில் நூறு கிராம் குறைக்கலாம், குறைத்தால் எந்த இடத்தில் விரிசல் விடும் என்று பார்ப்பதுதான் அங்கே என் வேலை. கல்யாணமாகி ஹெச்-4 விசாவில் அமெரிக்கா வந்தேன். வேலைக்கு வந்தவரின் மனைவிக்குக் கொடுக்கிற விசா அது. படிக்கலாம், வேலைக்குப் போகக்கூடாது.

அந்த வருஷங்களில் நான் நிரப்பிய ஃபாரங்களை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். கணவரின் எழுத்து கோழிக் கிறுக்கல் என்பதால் வீட்டில் எல்லா ஃபாரமும் என் கைக்குத்தான் வரும். முதல் கட்டத்தில் அவர் பெயர், அவர் பிறந்த தேதி, அவர் வேலை. கீழே எங்கேயோ, சார்ந்தவர் என்ற தலைப்பின்கீழ், நான். யோசிக்காமல் எழுதுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது.

சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் வெல்டிங் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பாடம் நடத்தியவர் அறுபது வயதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். என் பற்றுவைப்பை ஒருநாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் பார்க்க வருகிறாயா என்று கேட்டார். அதற்கும் வெல்டிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் போனேன், கணவரையும் இழுத்துக்கொண்டு.

ஆட்டோகிராஸ் என்றால் பெரிய ரேஸ் இல்லை. பொருட்காட்சி மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்தான் ஓடும். ஒரு நிமிஷம், கூடப்போனால் ஒன்றேகால். கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். ஓட்டாதவர்கள் வெயிலில் நின்று, விழுந்த கூம்புகளை எடுத்து வைப்பார்கள். பல் டாக்டர், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும் வருவார்கள். யாரும் யாரையும் முட்டவேண்டியதில்லை, கடிகாரத்தோடு மட்டும்தான் சண்டை.

வெல்டிங் வாத்தியார் பேச்சைக் கேட்டு, அன்றைக்கே எங்கள் நாலு கதவுக் காரில் நான் ஓடினேன். வண்டி ஒவ்வொரு வளைவிலும் கர்ப்பிணிபோலச் சாய்ந்தது. எழுபத்தொரு விநாடி. ஒரு துண்டுச் சீட்டில் என் பெயரையும் அந்த எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள். மட்டமான நேரம். ஆனால் அந்த நாட்டில் யாருக்கும் சார்ந்தவளாக இல்லாமல் என் பெயர் வந்திருந்த முதல் காகிதம் அது. பர்ஸில் வைத்துக்கொண்டேன். வீடு திரும்பும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. எடை குறைந்த ஒரு வண்டி வேண்டும், அதை நான் ஓட்டவேண்டும்.

அப்படியொரு வண்டியைப் புதிதாகக் கடையில் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கிட் காராக வாங்கலாம் என்று வாத்தியார் சொன்னார். சட்டகமும் உடம்பும் பெட்டி பெட்டியாக வரும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அடிபட்ட பழைய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். இரண்டாவது கார் வாங்குகிறோம் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார் அல்லவா, அது இதுவாக இருக்கட்டும் என்றேன். அவர் சரி என்றார். எதற்கும் அவர் சரி என்பார். அது நல்ல குணம் என்று என் அம்மா சொல்லுவாள், எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும்.

முன்னால் எஞ்சின் இருந்தால் திருப்பும்போது மூக்கு வெளியே ஓடும். கடைசியில் இருந்தால் வால் வெளியே ஓடும். நடுவில், இருக்கைக்குப் பின்னும் பின்சக்கரத்துக்கு முன்னும் இருந்தால் கனமெல்லாம் இடுப்பில் நிற்கும், சட்டென்று திரும்பலாம். இதைக் கணவருக்குச் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியையும் ஊறுகாய் பாட்டிலையும் வைத்து விளக்கினேன். அவர் ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கிராஃப் தாளில் எடைக் கணக்குக்கு ஒரு பட்டியல் போட்டுக் கராஜ் சுவரில் ஒட்டினேன். முதலில் போய்ப் பார்த்த கிட் கார், ஓர் இத்தாலியக் காரைப்போலவே அச்சு அசலாகச் செய்தது. சிவப்பு நிறம், வாய்பிளக்க வைக்கும் அழகு. கதவைத் தூக்கிப் பார்த்தேன், கட்டில் பலகை கனம். மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்துக்கொள்ளலாம், போட்டிக்கு ஆகாது. இரண்டாவது வண்டிக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின். எடை இறகுதான். ஆனால் ரிவர்ஸ் கிடையாது, பின்னால் போகவேண்டுமென்றால் இறங்கித் தள்ளவேண்டும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சட்டகத்தின் பற்றுவைப்பில் நகத்தை ஓட்டினேன், பணியாரச் சட்டி மாதிரிக் குழி குழியாக இருந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது, சேக்ரமென்டோவைத் தாண்டி ஒருவர் தன் ஷெட்டில் செய்துகொண்டிருந்தது. மூன்று மணிநேர டிரைவ். மெலிந்த சதுரக் குழாய்களில் சட்டகம், அலுமினியத் தகட்டில் தரை, நெஞ்சளவுகூட உயரமில்லை. ஒவ்வொரு இணைப்பையும் குனிந்து பார்த்தேன். அந்த மனிதர் வேலை தெரிந்தவர். குழாயின் தடிமன் என்ன என்று நான் கேட்டேன், அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். பின்சக்கரத்தைச் சட்டகத்தோடு பிடிக்கிற கைகளை எதில் செய்கிறீர்கள் என்று கேட்டேன், அதற்கும் கணவரிடமே பதில். கணவர் பாவம், புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் வண்டி நல்ல வண்டி, ஆள்மேல் உள்ள கோபத்தில் நல்ல வண்டியை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எடை குறைக்க அந்த ஷெட்காரர் ஒரு வேலை செய்திருந்தார். இருக்கை நகராது. முதுகுக்குப் பின்னால் ஒரு தகடு, அதற்குப் பின்னால் உடனே எஞ்சின், ஆகவே இருக்கைக்கு நகர இடமும் இல்லை. ஓட்டுகிறவரின் உயரத்துக்கு ஏற்றபடி பெடல்களை அவரே சட்டகத்தோடு சேர்த்துப் பொருத்தி அனுப்புவார். வேண்டுமானால் பெடல்கள் முன்னும் பின்னும் நகர ஒரு தண்டவாளம் போட்டுத் தருவார். அதனால் கூடுகிற எடை ஒன்பது பவுண்டு.

ஆர்டர் ஃபாரம் தபாலில் வந்தது. வழக்கம்போல நான்தான் உட்கார்ந்தேன். உரிமையாளர்: அவர் பெயர். விலாசம், போன். அடுத்த வரி, ஓட்டுநரின் உயரம், கால் நீளம், ஷூ அளவு. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தவரை இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தேன். அவரும் அசையாமல் நின்றார். எழுதினேன். நகரும் தண்டவாளம் தேவையா என்ற கட்டத்தில் தேவையில்லை என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். ஒன்பது பவுண்டு மிச்சம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. மத்தியானம் பாயசம் வைத்ததாகக்கூட ஞாபகம்.

ஏன் அப்படி எழுதினேன் என்பதற்குப் பிறகு எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டேன். பெரிய ஆளுக்கு அளவு கொடுத்தால் சின்ன ஆள் எப்படியும் உட்கார்ந்துகொள்ளலாம், வளரும் பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற மாதிரி. அவரும் ஒருநாள் ஓட்டுவார் அல்லவா. இதெல்லாம் ஜோடனை. நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. கை எழுதிக்கொண்டே போயிற்று, நான் கூடவே போனேன்.

பெட்டிகள் வந்தன. எட்டு மாதம் கட்டினேன். அவரை ஆபீஸில் விட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் வரை கராஜ்தான். பாத்ரூமில் இருந்த எடை மெஷினைக் கராஜுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்துச் சுவர்ப் பட்டியலில் எழுதினேன். இரும்பு போல்ட்டை மாற்றி அலுமினியம் போட்டேன். பேட்டரித் தட்டில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு ஆறு அவுன்ஸ் குறைத்தேன். ரேடியேட்டருக்குள் நிற்கிற தண்ணீர், டாங்கில் நிற்கிற பெட்ரோல் வரை பட்டியலில் இருந்தது. சனிக்கிழமைகளில் கணவர் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து செய்முறைப் புத்தகத்தை வாசிப்பார், தூக்கிப் பிடி என்றால் தூக்கிப் பிடிப்பார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக் விருந்துக்கு வந்த ஓர் ஆன்ட்டி கராஜை எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, ஹஸ்பண்டோட ஹாபிக்கு நீயும் ஹெல்ப் பண்ற!" என்றார். சிரித்தேன். தயிர்வடை போதுமா ஆன்ட்டி என்று கேட்டேன்.

கடைசியாக இருக்கையைப் பொருத்தி முதல்முதலாக உள்ளே இறங்கி உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது. பிரேக்கை என் கட்டைவிரல் நுனி தொட்டது. கிளட்சைத் தொடவேயில்லை. நன்றாகச் சரிந்து படுத்தால் கிளட்ச் எட்டியது, அப்போது எதிரே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சிறிது நேரம் அப்படியே படுத்துக்கிடந்தேன். தலைக்குப் பின்னால் நான் பூட்டிய எஞ்சின், கையில் நான் பொருத்திய ஸ்டியரிங். இன்னொருவருடைய செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

கணவர் வந்து உட்கார்ந்து பார்த்தார். அவருக்குக் கச்சிதமாக இருந்தது. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளேன் என்றார். வாத்தியாரிடம் கேட்டேன். தலையணை வைத்தால் பெல்ட் இறுகப் பிடிக்காது, ஓட்டத்துக்கு முன் நடக்கிற பரிசோதனையில் விடமாட்டார்கள் என்றார். இருக்கையை முன்னால் நகர்த்தினால் ஸ்டியரிங் நெஞ்சில் முட்டும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கையெட்டும் தூரத்தில் இருந்தவர்மேல் வந்தது. மூன்று வாரம் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. "நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை அவர் கையில் வைத்தேன். அவர் வழக்கம்போலச் சரி என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கார் முதல்முதலாக ஓடியது. நான் ஆறாவது வளைவில் கூம்பு பொறுக்க நின்றேன். இடுப்பளவு உயரத்தில் அது பாய்ந்து வந்தபோது உடம்பு சிலிர்த்தது. வளைவுக்கு இருபது அடி முன்னாலேயே அவர் பிரேக் போட்டார். தேவையே இல்லை, அந்த வண்டி அப்படியே திரும்பியிருக்கும். எனக்குத் தெரியும், அதன் ஒவ்வொரு திருகையும் நான்தான் முடுக்கினேன். திரும்பும்போது பின்பக்கம் ஒரு கூம்பைத் தட்டிவிட்டுப் போனார். ஓடிப்போய் எடுத்து நிறுத்தினேன். எல்லாம் முடிந்தபின் நாலைந்து பேர் அவர் கையைக் குலுக்கி, அருமையாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். என் மனைவிதான் கட்டினாள் என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, அவரை இறக்கிவிட்டு வந்ததும் டிரில்லை எடுத்தேன். அவருக்கு ஆபீஸில் புது சாஃப்ட்வேர் வெளியிடுகிற ரிலீஸ் வாரம், கராஜ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான்கு நாள் ஆயிற்று. பெடல்களை அறுத்தெடுத்தேன். ஆறரை அங்குலம் பின்னால் ஒரு குறுக்குக் குழாயைப் பற்றுவைத்தேன், பிரேக் குழாயைப் புதிதாக வளைத்தேன், கிளட்ச் கேபிளைச் சுருக்கினேன். அளவெடுக்க யாரையும் கூப்பிடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கி, என் கால் எங்கே நின்றதோ அங்கே சாக்பீஸால் கோடு கிழித்தேன்.

சனிக்கிழமை காலை, காபி டம்ளரோடு வந்தவர் உள்ளே இறங்கப் பார்த்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன.

"என்ன இது, காலே வைக்க முடியல. இதுல நா எப்படி ஓட்டுறது?"

"ஃபாரத்துல டிரைவர்னு ஒரு ஆளுக்குத்தாங்க எடம் இருந்துச்சு."

"அந்த ஃபாரத்துல என்ற அளவ நீதான எழுதுன?"

"எழுதுனேன். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல? இஞ்ச் டேப் வச்சு அளந்தப்ப மரமாட்டம் நின்னீங்களே!" மூன்று வாரமாக அடக்கி வைத்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

"காருக்குன்னு அப்ப யாருக்குத் தெரியும்? ஊர்ல பேண்ட் தைக்கக் குடுக்கறதுக்கு அளக்கறியோன்னு நெனச்சேன். போன தடவையும் அப்படித்தான அளந்து அனுப்புன? கார் நீ ஓட்டறதுக்குத்தான கட்டுன. அதுக்கு என்ற கால எதுக்கு அளக்கப் போற?"

பேண்ட் தைக்க அனுப்பியது வாஸ்தவம். கோயம்புத்தூரில் அவருடைய டெய்லருக்கு வருஷத்துக்கு ஒருமுறை அளவு எழுதி அனுப்புவேன். அவர் இந்தக் காரை எனக்கு என்றுதான் நினைத்திருக்கிறார், முதல் நாளிலிருந்தே. அவர் வேண்டும் என்று கேட்கவில்லை, யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. அந்த நாட்டிலேயே அதை அவர் கார் என்று முதலில் எழுதியவள் நான்தான்.

"அப்பறம் போன ஞாயித்துக்கெழம ஏன் ஓட்டுனீங்க?"

"நீதான சாவியக் கையில குடுத்த. ஓட்டலன்னா அதுக்கும் திட்டுவியேன்னு ஓட்டுனேன். எனக்குப் பயமா இருந்துச்சு. வண்டி பேய் மாதிரி திரும்புது."

அவர் வெளியே ஏறி வந்து, சுவர்ப் பட்டியலின் முன்னால் போய் நின்று காபியைக் குடித்தார். ஏதோ பேசவேண்டுமே என்றுதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"அந்தத் தண்டவாளத்த வாங்கியிருந்தா ரெண்டு பேரும் ஓட்டியிருக்கலாமல்ல?"

"ஒம்போது பவுண்டுங்க!" என்றேன்.

"சரி, அது கெடக்கட்டும். பெட்ரோல் எழுதியிருக்க, தண்ணி எழுதியிருக்க, திருகாணி வரைக்கும் எழுதியிருக்க. ஓட்டுற ஆளு வெயிட் எங்க?"

எட்டு மாதமாக அந்தத் தாளை ஒருநாளைக்குப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வரி இல்லை என்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. எடை மெஷின் காலடியில்தான் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறினார். நூற்று எழுபத்தெட்டு. இறங்கி என்னைப் பார்த்தார். நான் ஏறினேன். நூற்றுப் பத்தொன்பது.

ஐம்பத்தொன்பது பவுண்டு. பேட்டரித் தட்டில் ஓட்டை போட்டு ஆறு அவுன்ஸைச் சுரண்டியவள் நான். ஒன்பது பவுண்டை மிச்சம் பிடித்துப் பாயசம் வைத்தவள். வார்ப்பில் கிராம் கணக்குப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்திருந்தார்கள். அந்தக் காரிலிருந்து ஒரே அடியில் குறைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய எடையை, ஃபாரத்தில் நானே எழுதி நானே ஏற்றி வைத்திருக்கிறேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடை மெஷின்மேல் நின்றபடியே அழுதேன். வெட்கமாக இருந்தது, அவர்மேல் கோபப்பட்டதற்கு அல்ல, என்னைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டதற்கு. பிறகு பேனாவை எடுத்துப் பட்டியலின் கடைசியில் எழுதினேன். ஓட்டுநர், நூற்றுப் பத்தொன்பது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டினேன். ஆறாவது வளைவில் கூம்பு பொறுக்க அவர் நின்றார். அங்கே நான் பிரேக் போடவில்லை. நேரச் சீட்டு இன்னும் இருக்கிறது, பழைய சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் பரிசெல்லாம் இல்லை, எங்கள் பிரிவில் நாலாவது. அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓட்டினேன். கணவர் ஒரு தடவைகூட அதில் உட்காரவில்லை, உட்காரவும் முடியாது.

இரண்டாயிரத்தொன்றில் அவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்து அங்கிருக்கும் ஃபிரிஸ்கோவுக்குக் குடிபோக இருந்தோம். கையில் கிரீன் கார்டு வந்துவிட்டது, நானும் வேலைக்குப் போகலாம். காரை விற்றோம். வாங்க வந்தவர் உயரமான மனிதர், உள்ளே இறங்கி முழங்காலை இடித்துக்கொண்டார். வெளியே வந்து தேய்த்துக்கொண்டே, பெடல்களை ஏன் இவ்வளவு கிட்டே வைத்திருக்கிறீர்கள் என்று என் கணவரைக் கேட்டார். கணவர் என் பக்கம் கையைக் காட்டினார். அந்த மனிதர் முதலில் கணவரின் நீளமான கால்களைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

ஓட்டுகிறவருக்கு அளவெடுத்துச் செய்தது என்றேன்.